கண்மாயில் வளர்ந்து நகரத்தில் வேகும் மீன்

"வளர்ப்பு மீனா? எங்கள் வீட்டில் வாங்குவதே இல்லை." சென்னையில் மீன் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். சொல்கிறவர்கள் வஞ்சிரம், சங்கரா, கொடுவா, இறால் சாப்பிடுகிறவர்கள். கடல் மீன்தான் மீன் என்று உறுதியாக நம்புகிறவர்கள். ஆனால் அவர்கள் வாங்கும் இறால், ஒரே அளவில் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தால், பெரும்பாலும் வனாமி. மெக்சிகோவிலிருந்து பெரு வரை நீளும் பசிபிக் கடற்கரைக்குச் சொந்தமான இறால் அது. வணிக முறையில் அதை வளர்க்க இந்தியா 2009இல் அனுமதித்தது. அதற்கு முன் கோலோச்சிய வரி இறாலை வெண்புள்ளி நோய் வாட்டி எடுத்திருந்தது. கொடுவாயும் இப்போது பண்ணையில் வளர்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே கொடுவாக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்துவிட்டது. ஹோட்டலில் முள்ளில்லாமல் வரும் வெள்ளைத் துண்டு பல இடங்களில் பாசா. அது வியட்நாமின் மேக்கோங் கழிமுகத்துக் குளங்களிலிருந்து உறைநிலையில் வரும், அல்லது ஆந்திரக் குளத்தில் அதன் உறவுக்கார இனமாக வளர்ந்திருக்கும்.

நகரத்து வீடு வளர்ப்பு மீனைத் தாராளமாகச் சாப்பிடுகிறது. அது வளர்ப்பு மீன் என்று தெரியாமல் சாப்பிடுகிறது, அவ்வளவுதான்.

கிராமத்தில் நிலைமை வேறு. என் அம்மா சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை ஊரில் இருக்கிறார். அங்கே எந்த மீன் குஞ்சாக விட்டு வளர்ந்தது, எந்த மீன் வாய்க்கால் நீரோடு தானாக வந்தது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். கெண்டை வகைகளான கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் விட்டவை. விரால், குரவை, கெளுத்தி, ஆரால், அயிரை, உளுவை, பொடிக்கெண்டை எல்லாம் வந்தவை. நடுவில் ஒன்று இருக்கிறது, ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்க மீனான அது 1952இல் வளர்ப்புக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறந்த இரண்டு மூன்று மாதங்களிலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிடும் மீனை எந்தக் குளக்கரையும் கட்டி வைக்க முடியாது. இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத நீர்நிலையைக் காண்பது அரிது. எங்கள் ஊரில் ஏழை வீட்டு அடுப்பில் அதிகம் கொதிக்கும் கண்மாய் மீனும் அதுதான்.

கண்மாய்கள் விஷயத்தை விளக்காமல் மேலே போக முடியாது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழ் இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது வழக்கம். தண்ணீர் வயலுக்கு. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் மீன் தனிச் சொத்து. அதை ஏலம் விடுகிறார்கள். மீன்பாசிக் குத்தகை என்று அதற்குப் பெயர். குத்தகை எடுத்தவர் வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பியதும் குஞ்சு வாங்கி விடுகிறார். தீவனம் பெரிதாக ஒன்றும் போடுவதில்லை. ஆட்டுப் புழுக்கையும் வயல் கழிவும் பாசியும் போதும். குஞ்சு பண்ணையில் பிறந்தது, வளர்ந்தது கண்மாயில். அரசுப் புள்ளிவிவரத்தில் எந்த வரியில் போனாலும் சரி, ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை அது குத்தகைக்காரர் மீன்.

இதில் காலக்கணக்கு ஒன்று உண்டு. அதுதான் கிராமத்து மீன் எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பும் கண்மாய் பங்குனி, சித்திரையில் வற்றத் தொடங்குகிறது. தண்ணீர் குறையக் குறைய மீனைப் பிடித்தாக வேண்டும். கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் நகரத்துச் சந்தையில் எந்த மீனுக்கும் விலை ஏறும். கண்மாய் மீன் கைக்கு வருவதும் அப்போதுதான். விடியற்காலையில் வலை இழுக்கிறார்கள், கரையிலேயே எடைத் தராசு வைக்கிறார்கள், ஐஸ் பெட்டியோடு வண்டி காத்து நிற்கிறது. கிலோ எடைக்கு மேலான கட்லாவும் ரோகுவும் மதுரைக்கும் திருச்சிக்கும் போய்விடுகின்றன. கரையில் கூடி நிற்கும் ஊர்ப் பெண்களுக்குக் கிடைப்பது ஜிலேபியும், வலையில் அடிபட்டு நசுங்கியதும்தான். குத்தகைக்காரரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏலத்தொகையை முன்கூட்டியே கட்டியிருக்கிறார். மழை பொய்த்தால் முழு நட்டமும் அவருடையது. சித்திரையில் கிடைக்கும் நகரத்து விலைதான் அவரைப் பிழைக்க வைக்கிறது.

அவர் பிடித்து முடித்த பிறகு, முழங்கால் அளவுத் தண்ணீரில் மிச்சம் இருப்பது ஊருக்கு. அதுதான் மீன்பிடித் திருவிழா. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பக்கங்களில் கோடையில் பத்திரிகைகளில் படம் வருமே, அதுவேதான். ஊர்ப் பெரியவர்கள் கரையில் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும், சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஊத்தாக் கூடை, கச்சா வலை, வேட்டி, சேலை என்று கையில் அகப்பட்டதோடு இறங்குவார்கள். சாதி பார்ப்பதில்லை, ஊர் பார்ப்பதில்லை. கிடைத்ததை விற்கக் கூடாது, வீட்டில் சமைத்துச் சாமிக்குப் படைத்துச் சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. அன்று மாலை ஊர் முழுக்க மீன் குழம்பு வாசம் இருக்கும். அந்த நாளை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அது ஒரு நாள். அடுத்த நாளிலிருந்து அம்மா மீனுக்கு நம்பியிருப்பது டிவிஎஸ் ஐம்பதில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் வியாபாரியையும், வாரச்சந்தைக் கருவாட்டையும்.

அந்த வியாபாரியின் பெட்டியில் முன்பெல்லாம் சாளை, சூடை, காரப்பொடி இருக்கும். இப்போது பாதி ரோகு. விசாரித்தால் ஆந்திரா என்கிறார். கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களுக்கு நடுவில் கொல்லேறு ஏரியைச் சுற்றியிருக்கும் கைக்கலூர், ஆகிவீடு, பீமவரம் பகுதிக் குளங்களிலிருந்து லாரி லாரியாகக் கெண்டை வருகிறது. இந்த லாரிகள் ஒரு பக்கம் கல்கத்தாவுக்கும் குவாஹாட்டிக்கும் போகின்றன, இன்னொரு பக்கம் சென்னைக்கு வருகின்றன. இங்கிருந்து அந்த மீன் மாவட்டத் தலைநகரங்களுக்குப் பிரிந்து கடைசியில் எங்கள் ஊர்த் தெருவுக்கும் வந்துவிடுகிறது. ஆக, எங்கள் கண்மாயில் வளர்ந்த ரோகு சித்திரையில் நகரத்துக்குப் போகிறது. ஆவணியில் அம்மா ஐஸில் பல நாள் கிடந்த ஆந்திர ரோகுவைத் துண்டு போட்டு வாங்குகிறார்.

எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். 1950-51இல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி சுமார் 7.5 லட்சம் டன். அதில் பெரும்பகுதி கடல் மீன். 2022-23இல் மொத்தம் சுமார் 175 லட்சம் டன், அதில் 131 லட்சம் டன் உள்நாட்டு மீன். தலைகீழாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்துக்கு விதை விழுந்த நாள் 1957 ஜூலை 10. அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி, கெண்டை மீனுக்கு, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அதுவரை கட்லா, ரோகு குஞ்சுக்குப் பெரும்பாலும் வெள்ளம் வரும் ஆற்றில்தான் வலைபோட்டுத் தேட வேண்டும். அந்த ஊசி இல்லாவிட்டால் திருப்பத்தூர்க் கண்மாயில் கங்கைக் கரை மீன் வளர்ந்திருக்காது. ஜூலை 10ஐ நாடு மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுவது நியாயமானது. அவர் பெயரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு.

இத்தனை மீன் யார் வீட்டுக்குப் போகிறது? 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதம் 3,773 ரூபாய் செலவு, நகரத்தில் 6,459 ரூபாய். முட்டை, மீன், இறைச்சி மூன்றுக்கும் சேர்த்து கிராமத்துக் குடும்பம் அதில் 4.91 விழுக்காடு செலவிடுகிறது, நகரத்துக் குடும்பம் 3.57 விழுக்காடு. ரூபாய்க் கணக்கில் கிராமத்தில் 185, நகரத்தில் 231. இது இந்தியா முழுவதற்குமான சராசரி. கிராமத்து வீடு தன் செலவில் பெரிய பங்கைக் கொடுத்தும் குறைந்த தொகைக்கே வாங்குகிறது. ஆனால் என் கேள்விக்கு இந்தக் கணக்கெடுப்பில் விடை கிடையாது. வினாத்தாளில் மீனும் இறாலும் ஒரே வரி. அது கடலில் பிடித்ததா, குளத்தில் வளர்த்ததா, கையளவா, கட்டை விரல் அளவா என்று யாரும் கேட்பதில்லை. ஹோட்டலில் தின்ற பாசா, சமைத்த உணவு என்ற வேறொரு வரியில் போய் உட்கார்ந்துவிடும். கேட்காத கேள்விக்குத் திட்டம் தீட்டவும் முடியாது.

நகரம் என்று ஒரே சொல்லில் அடக்குவதும் தவறு. திருப்பூரிலும் சென்னைப் புறநகரிலும் வளர்ப்பு மீனைப் பெயர் சொல்லிக் கேட்டு, தேர்ந்து வாங்குகிறவர்கள் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். பனியன் கம்பெனி விடுமுறை நாளில் ரோகு வெட்டிக் கொடுக்கும் கடைக்காரர் இந்தியில் விலை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கட்லாத் தலைக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். கடல் மீன் பிரியரான சென்னைக்காரர் ஒதுக்கும் அதே மீனை, ஊரை விட்டு வந்தவர்கள் தங்கள் வீட்டு ருசிக்காகத் தேடி வருகிறார்கள். கெண்டை வியாபாரம் நம் நகரங்களில் இவ்வளவு பெருகியதில் அவர்கள் பங்கு கணிசமானது. அவர்களுக்கு அது வளர்ப்பு மீனும் இல்லை, மலிவு மீனும் இல்லை, வீட்டு மீன்.

அடுக்குமாடிக் குடும்பம் இன்னொரு வகை. செதில் உரிக்க முற்றம் இல்லை, கழிவை எறிய இடமில்லை, குழந்தை முள்ளைக் கண்டு அழுகிறது. அதனால் துண்டு போட்டுக் கழுவிப் பொட்டலம் கட்டிய மீன் வருகிறது. அதற்கு ஏற்ற மீன் எது? முள் குறைந்தது, வாடை குறைந்தது, எப்போதும் ஒரே எடையில் கிடைப்பது. கடல் அப்படித் தராது. குளம்தான் தரும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்து வீடு இழந்தது மீனின் அளவை என்று நினைத்தால் பாதிதான் புரிந்திருக்கிறது. அது இழந்தது அயிரை, உளுவை, பொடிக்கெண்டை போன்ற பொடிமீனை.

பெரிய மீன் வாங்கும் வீட்டில் குழம்புச் சட்டியில் துண்டுகள் எண்ணிக்கையில் இருக்கும். நடுத்துண்டு அப்பாவுக்கு, அல்லது வந்திருக்கும் மாமாவுக்கு. அடுத்தது பையன்களுக்கு. பரிமாறி முடித்து அம்மாவும் மதினியும் உட்காரும்போது வால் இருக்கும், சில சமயம் குழம்பு மட்டும் இருக்கும். இதை யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்வதில்லை, பழக்கம் அப்படி. பொடிமீன் குழம்பில் இந்தக் கணக்கு நடக்காது. கரண்டியில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. கைக்குழந்தைக்குப் பிசைந்து ஊட்டும் சோற்றிலும் மீன் இருக்கும், கடைசியில் சாப்பிடும் பெண்ணின் தட்டிலும் இருக்கும். தலையோடும் முள்ளோடும் மென்று விழுங்குகிறோம் என்பதால் சுண்ணாம்புச் சத்து முழுதும் உள்ளே போகிறது. கட்லாவின் சதை நல்ல புரதம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் முள் குப்பைக்குப் போகிறது.

வங்காளதேசத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். வளர்ப்பு மீன் புரட்சி நம்மைவிட வேகமாக நடந்த நாடு அது. மைமன்சிங் பகுதிக் குளங்களில் வளர்த்த, பாசாவின் உறவுக்கார இனமான பங்காஸை உயிரோடு பீப்பாய் நீரில் டாக்காவுக்கு லாரியில் கொண்டுபோகிறார்கள். விலை இறங்கியதால் ஏழைகளும் மீன் வாங்க முடிந்தது, அது பெரிய சாதனை. ஆனால் 1991 முதல் 2010 வரையிலான குடும்பக் கணக்கெடுப்புகளை ஜெசிக்கா போகார்டும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றையும் காட்டியது. மக்கள் உண்ணும் மீனின் அளவு சுமார் 30 விழுக்காடு கூடியிருந்தது. மீனிலிருந்து கிடைக்கும் இரும்பும் சுண்ணாம்பும் குறைந்திருந்தன. ஆற்றிலும் வயல்நீரிலும் பிடித்த சிறுமீனின் இடத்தைக் குளத்துப் பெரிய மீன் பிடித்துக்கொண்டதே காரணம்.

அங்கேயே தீர்வும் பிறந்தது. டிரினிடாட்டில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் ஷகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட், மோலா என்ற விரல் நீளச் சிறுமீனைக் கெண்டைக் குளத்தில் சேர்த்தே வளர்க்கலாம், கெண்டை விளைச்சல் அதனால் குறையாது என்று காட்டினார். மோலாவின் கண்ணிலும் குடலிலும் வைட்டமின் ஏ செறிந்திருக்கிறது, முழுதாகச் சாப்பிட்டால் அது கிடைக்கும். பெரிய மீனை விற்றுக்கொள், சிறிய மீனை வீட்டில் சமைத்துக்கொள். இந்தப் பணிக்காக 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? வளர்ப்புக் குளத்தைத் தயார் செய்யும் முறையைச் சொல்லும் எந்தக் கையேட்டிலும் முதல் வேலை களைமீன், அதாவது வளர்க்க விரும்பாத மீன், அகற்றுவது. ஹெக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் பிண்ணாக்கு போட வேண்டும். அதன் நஞ்சு பட்டு மீன்கள் மேலே மிதக்கும், பிறகு அதுவே உரமாகிவிடும். விராலையும் கெளுத்தியையும் விட்டால் அவை குஞ்சைத் தின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த நஞ்சு ஆள் பார்ப்பதில்லை. குஞ்சைத் தொடாத பொடிக்கெண்டையும் அயிரையும் உளுவையும் சேர்ந்தே சாகின்றன. எங்கள் கண்மாயின் ஆழப் பள்ளத்தில் கோடையில் தேங்கும் நீர்தான் அடுத்த ஆண்டுக்கான நாட்டுமீன் வித்து. சில வருடங்களாகக் குத்தகைக்காரர்கள் அங்கேயும் பிண்ணாக்கைக் கரைக்கிறார்கள். கரையில் காவல் கொட்டகை போட்டுத் தூண்டிலோடு வரும் பையன்களை விரட்டுகிறார்கள். அப்பத்தா காலத்தில் மாலை விளக்கு வைக்கும் முன் கண்மாய்க்குப் போய்ச் சேலை முந்தானையில் ஒரு குழம்புக்கு மீன் அரித்து வருவது சாதாரண வேலை. காசு கொடுக்காத மீன் அது. எந்தக் கணக்கிலும் ஏறாமல் போனது, எந்தக் கணக்கிலும் ஏறாமலே நின்றும் போனது.

இதற்கிடையில் மதுரையில் அயிரை மீன் குழம்புக்கு ஹோட்டல்களில் கூட்டம் நிற்கிறது. கெண்டையைவிடப் பல மடங்கு விலைக்கு, உயிரோடு தண்ணீரில் நீந்தும்போதே விற்கிறார்கள். கிராமத்துப் பொடிமீன் நகரத்து விருந்தாகிவிட்டது, நகரத்துக்கென்று வளர்த்த கெண்டை கிராமத்துக்கு ஐஸில் வருகிறது. எனக்கு இது ஆத்திரமூட்டுகிறது. நகரத்தார் அயிரை சாப்பிடுவதில் எனக்கு வருத்தமில்லை. வித்து அழிந்துகொண்டே போனால் நாளைக்கு அவர்களுக்கும் கிடைக்காது, அப்பத்தா வயதில் இருப்பவர்களுக்கு இன்றே கிடைக்கவில்லை.

கடலோரத்தில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையானது, சுருக்கமாகவே சொல்கிறேன். நாகப்பட்டினம் பகுதியில் வயல்களாக இருந்த இடங்களில் இறால் குட்டைகள் வந்தபோது, குடிநீர் உப்பாகிறது என்று காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர இறால் குட்டைகளுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கியது. 2005இல் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. தொழில் நிற்கவில்லை. கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று எண்ணி, முப்பது கவுண்ட், நாற்பது கவுண்ட் என்று தரம் பிரித்துக் குளிர்பதனக் கிடங்குக்குப் போகும் அந்த இறாலில் பெரும்பகுதி அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. குட்டையில் நீருக்குக் காற்றூட்டும் சக்கரத்துக்குக் காவலிருக்கும் கூலித் தொழிலாளி வீட்டில் அது வேகுவது அபூர்வம்.

வளர்ப்பு மீனை நிறுத்தச் சொல்கிறவன் இல்லை நான். 140 கோடிப் பேருக்குக் கடல் மட்டும் போதாது. ரோகு மலிவாகக் கிடைப்பதால்தான் திருப்பூர்த் தொழிலாளி வாரம் ஒருமுறையாவது மீன் சாப்பிடுகிறார். நான் கேட்பது கண்மாய்க் குத்தகை ஒப்பந்தத்தில் சேர்க்கக்கூடிய சில வரிகள். ஆழப் பள்ளத்தில் பிண்ணாக்கு கரைக்கக் கூடாது. விராலை வலையால் பிடித்து விற்றுக்கொள்ளட்டும், நஞ்சு வேண்டாம். வலைக்கண் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக் கூடாது. மடையிலும் வாய்க்கால் வாயிலும் ஊத்தாவும் தூண்டிலும் கொண்டு வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது. பிடிக்கும் நாட்களில் ஒரு பங்கு மீனை, நல்ல மீனை, கரையிலேயே ஊர்க்காரர்களுக்கு மொத்த விலையில் நிறுத்துத் தர வேண்டும்.

மழைக்கு முன் வரவிருக்கும் ஏலத்துக்காக இதையெல்லாம் மனுவாக எழுதி ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். போன முறை குத்தகை எடுத்தவரிடமும் காட்டினேன். நிதானமாகப் படித்தார். "தம்பி, பொடிமீனால் எனக்கு நட்டமில்லை. எனக்கு ஒரே வருடக் குத்தகை. விரால் குஞ்சைத் தின்றுவிட்டால் அடுத்த வருடம் ஈடுகட்ட நான் இருக்க மாட்டேன். அதனால்தான் மொத்தமாகக் கொல்கிறோம். மூன்று வருடம் கொடுக்கச் சொல்லுங்கள், பிண்ணாக்கு மூட்டையைக் கரைக்கே கொண்டுவர மாட்டேன்" என்றார். மனுவில் அதையும் சேர்த்துவிட்டோம்.